பாரத்துக்குக் கீழே

"முதுகுத் தையலைப் பிரிச்சிடலாம். இல்லேன்னா கை உள்ள போகாது," என்று சொல்லிவிட்டு, தையல்காரர் அந்த ஆரஞ்சு நிறக் கோட்டைக் கவிழ்த்துப் போட்டு, கழுத்துப் பட்டைக்குக் கீழே கத்தரி முனையை நுழைத்தார்.

கட்டிலில் அவர் மனைவி கிடந்தாள். காலையில் குளியலறை வாசலில், "ஒரு மாதிரி இருக்குங்க," என்று சுவரைப் பிடித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மதியத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அதற்குள் கைகள் விறைத்துப் போயிருந்தன. மகளும் அப்பாவும் எவ்வளவோ முயன்றும் கோட்டுக்குள் கை வளையவில்லை.

அது துறைமுகக் கம்பெனி கொடுத்த கோட்டு. ஓய்வு பெற்ற அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். "தொலைஞ்சு போச்சு," என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கேட்ட அதிகாரியும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். அவளை யார் கேள்வி கேட்பது?

கன்டெய்னர் கிரேன் ஓட்டியவள் அவள். பத்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே கால் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே வீடு அளவுப் பெட்டிகளைத் தூக்கி வைக்கிற வேலை. துறைமுகத்தில் அவளுக்கு 'மேலிடம்' என்று பெயர். லாரி டிரைவர் யாராவது அவசரப்பட்டால் கீழே நிற்கிறவர்கள், "இருப்பா, மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்," என்பார்கள். வீட்டிலும் அதே பெயர்தான். தையல்காரர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பும்போது, "மேலிடத்து உத்தரவு," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போவார். பெண்டாட்டி பேச்சுக்கு ஆடுகிறவன் என்று நாலு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பத்து மாடி உயரத்தில் உட்கார்ந்திருப்பவள் பேச்சைக் கேட்காமல் வேறு யார் பேச்சைக் கேட்பதாம்?

கூடத்திலிருந்து மச்சானின் குரல் வந்துகொண்டிருந்தது. அவளுடைய அண்ணன். கட்டட கான்ட்ராக்டர். சாரத்துக்கு மேலே நிற்கிற ஆளுக்குக் கேட்கிற மாதிரியே பேசிப் பழகிய தொண்டை.

"கத்திக்குப் பயந்துட்டா. அன்னைக்கே நுரையீரல்ல இருந்த அந்தக் கட்டியை அறுத்து எடுத்திருந்தா, இன்னைக்கு இங்க உக்காந்து காப்பி குடிச்சிட்டிருப்பா. நானே பெரிய டாக்டர்கிட்ட நாள் வாங்கிட்டு வந்தேன். கேட்டாளா? பயம். என்ன பண்ணச் சொல்றீங்க."

புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் முதலிலிருந்து ஆரம்பித்தார். சொல்லிவிட்டு ஒரு பாட்டம் அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. தங்கை என்றால் அவருக்கு உயிர். அதுதான் சங்கடமே.

மகள் கதவைச் சாத்தினாள். "அப்பா, மாமா மறுபடி ஆரம்பிச்சுட்டார்."

"அழட்டும்மா. தங்கச்சி போயிட்டா."

"அழட்டும், யார் வேணாங்கறா? அம்மாவைப் பயந்தாங்கொள்ளிங்கறாரே. கேக்கறவங்க எல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டறாங்க. நாளைக்கு அம்மாவைப் பத்தி இது ஒண்ணுதான் மிஞ்சும். ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னதை யாரு கேக்கறா? நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா?"

தையல்காரர் அடுத்த தையலைப் பிரித்தார். அவர் ஊமை இல்லை. ரவிக்கை கை இறக்கம் சரியில்லை என்று சண்டைக்கு வருகிற அம்மாக்களை எல்லாம் பேசியே சமாதானப்படுத்தி அனுப்புகிறவர்தான். மச்சான் முன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து அப்படி. மச்சான் சொல்வார், மாப்பிள்ளை தலையாட்டுவார், அப்புறம் வீட்டுக்கு வந்து மேலிடம் எதைச் சொல்கிறதோ அதைச் செய்வார். இப்போது மேலிடம் எதுவும் சொல்வதாக இல்லை. மகள் சொன்னது அவர் நெஞ்சில் தைத்தது. இன்று அந்தச் சொல்லோடு அவளை வாசல் தாண்ட விட்டால், அது அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

பயந்தாங்கொள்ளியாம். அவளா?

நாலு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் ஒரு முகாம் போட்டார்கள். ரொம்ப வருஷம் புகை பிடித்தவர்களுக்கு நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். உணவுக் கூடம் நிறைய ஆட்கள். "யார் யார் பிடிச்சீங்க? கையைத் தூக்குங்க," என்று நர்ஸ் கேட்டபோது, ஆண்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பின்வரிசையில் முதல் கையாக உயர்ந்தது மேலிடத்தின் கை. தூக்கம் வராமலிருக்கக் கூண்டுக்குள் பிடித்த சிகரெட். அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? தையல்காரருக்கு மட்டும் தெரியும். சிகரெட் நெருப்பில் கோட்டில் பொத்தல் விழுந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுத்தவர் அவர்தானே. மற்றபடி ஊருக்குத் தெரியாத விஷயத்தை அவளே அத்தனை பேர் நடுவில் கையைத் தூக்கிச் சொன்னாள். மச்சான் அதற்கே ஒரு வாரம் பேசவில்லை.

ஸ்கேனில் வலது நுரையீரலில் பட்டாணி அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. இந்த மாதிரிப் புள்ளிகள் நிறையப் பேருக்கு இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, எதற்கும் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த மூன்று மாதம் இருக்கிறதே! வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். "உள்ள ஒண்ணை வச்சுக்கிட்டு எப்படித்தான் சும்மா இருக்கியோ," என்றார்கள். அவள் தினமும் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். "காத்து அடங்கற வரைக்கும் பாரத்தைத் தொங்கவிட்டுக்கிட்டு உக்காந்திருப்பேங்க. அவசரப்பட்டு இறக்கினா எவன் தலையிலாவது விழும். இதுவும் அப்படித்தான்," என்றாள். சிகரெட்டை மட்டும் அன்றோடு விட்டாள்.

அடுத்த ஸ்கேனில் புள்ளி வளர்ந்திருந்தது. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான் என்றார்கள்.

டாக்டர் மழுப்பாமல் பேசினார். "நல்ல நுரையீரலா இருந்தா ஆபரேஷன்னுதான் நானே முதல்ல சொல்லுவேன். உங்களுக்கு ஏற்கெனவே புகை நிறைய அரிச்சிருக்கும்மா. அதுல ஒரு பாகத்தை வெட்டி எடுத்துட்டா, மிச்சம் இருக்கறது பத்தாம போகலாம். இன்னொரு வழி, கதிரை நாலு பக்கத்திலிருந்தும் குவிச்சு அந்த இடத்தை மட்டும் சுடறது. நாலஞ்சு தடவை வந்தா போதும். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. இவ்வளவு சின்னக் கட்டிக்கு நல்லாவே கேக்குது. ஊசி வழியா சூடு குடுத்துக் கருக்கறதும் உண்டு, உங்க கட்டி இருக்கற இடத்துக்கு அது தோதுப்படாது."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மறுபடி கிரேன் ஏறலாமா டாக்டர்?"

"கதிர்னா அதுக்கு வாய்ப்பு அதிகம். சத்தியம் பண்ணித் தர முடியாது."

"போதும்," என்றாள்.

மச்சான் குதித்தார். வெட்டி எடுத்தால்தான் சுத்தம், சுட்டுவிட்டு உள்ளேயே வைத்திருப்பது என்ன வைத்தியம், வேரோடு பிடுங்காத களை திரும்ப முளைக்காதா என்று தொண்டை கிழியக் கத்தினார். "பயப்படாதே, மயக்க மருந்து குடுத்துடுவாங்க, ஒண்ணுமே தெரியாது," என்று கெஞ்சினார். கடைசியில், "நீ ஒரு பயந்தாங்கொள்ளி," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் அன்றைக்குப் பிறந்தது. நாலு வருஷமாகச் சாப்பாடு போட்டு வளர்த்து, இன்றைக்கு நடுக்கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்.

பிரித்த கோட்டை இரண்டு பக்கமும் முன்னாலிருந்து கைகளில் ஏற்றி, ஓரங்களை முதுகுக்குக் கீழே செருகி, பொத்தான்களைப் போட்டார் தையல்காரர். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. எச்சில் தொட்டு நீவிவிட்டார். தைத்துப் போட்ட மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. மகள் விசும்பிக்கொண்டே, "சூப்பரா இருக்காப்பா," என்றாள்.

"அவளுக்கு என்ன குறைச்சல்," என்றார் அவர்.

கூடத்தில் கொண்டுவந்து கிடத்தியபோது மச்சான் கோட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன மாப்பிள்ளை இது, வேலைக்கா அனுப்பறீங்க? நல்ல துணி ஒண்ணு கிடைக்கலையா?" தையல்காரர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் திமுதிமுவென்று காலடிச் சத்தம் கேட்டது. துறைமுகத்து ஆட்கள். ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருந்தார்கள். எல்லாரும் அதே ஆரஞ்சுக் கோட்டு. முன்னால் வந்தவர் சைகைக்காரர். இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால், கீழே நின்று கையசைவிலேயே ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கிரேனுக்குச் சொல்கிறவர். மேலிடமும் அவரும் இருபது வருஷத்துக்கு மேல் பேசாமலே பேசிக்கொண்டவர்கள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றார்.

மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நுரையீரல்ல கட்டி. அறுத்து எடுத்துடலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கத்திக்குப் பயந்துட்டா..."

"யாரு, மேலிடமா?" என்றார் சைகைக்காரர். அவர் குழப்பத்தோடு தையல்காரரைப் பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள்.

"மச்சான்," என்றார் தையல்காரர்.

குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. மாப்பிள்ளை வாயிலிருந்து 'சரி' என்பதைத் தவிர வேறொரு சொல் வரும் என்று அங்கே யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"அவ பயந்தாதான், மச்சான்."

மகளின் முகம் விழுந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல் மெதுவாகத் தொடர்ந்தார். மச்சானிடம் பேசிப் பழகாத ஆள். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"ரொம்பப் பயந்தா. முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கை ஐஸ் மாதிரி இருந்துது. பஸ்ஸுல என் கையை விடவே இல்லை. ஆபரேஷனை நான் குறைச்சுச் சொல்லல. அதுக்கும் தைரியம் வேணும். ஆனா அதுல தூங்க வச்சிடுவாங்க, நீங்கதான் சொன்னீங்க, ஒண்ணுமே தெரியாதுன்னு. இவ முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா மச்சான். உள்ள வேற ஆளே கிடையாது. இவ்வளவு கனம் கதவு. அதைச் சாத்திட்டு எல்லாரும் வெளியில வந்துடறாங்க. நான் வெளியில டிவியில பாத்தேன். அந்தப் பொண்ணு, மிஷின் பாக்கற பொண்ணு, பாவம்னு காட்டுச்சு. மேல பெரிய கையோட ஒரு மிஷின். அது இவளைச் சுத்திச் சுத்தி வருது. இவ ரெண்டு கையையும் தலைக்கு மேல வச்சுக்கிட்டு, அதுக்குக் கீழ படுத்திருக்கா."

சைகைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூச்சு விட்டா கட்டி நகரும். நகர்ந்தா கதிர் வேற இடத்துல பட்டுடும். அதனால மூச்சைப் பிடிச்சுக்கணும். பிடிச்சா மிஷின் சுடும், விட்டா நின்னுடும். சில பேருக்கு இருமல் வரும், பதறிப் போயிடுவாங்களாம். இவ பிடிச்சா பாருங்க... அந்தப் பொண்ணு மைக்குல, 'அம்மா, போதும்மா, விடுங்க'ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க."

"கன்டெய்னர் லாரியில உக்கார்ற கடைசி ஜாண்," என்று சைகைக்காரர் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். "அது உக்கார்ற வரைக்கும் மேலிடம் மூச்சு விடாது. கீழ எங்களுக்கே தெரியும். உக்காந்ததும் கூண்டுக் கண்ணாடியில ஆவி படியும்."

"அதேதான்," என்றார் தையல்காரர். அவருக்குக் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "வெளியில வந்து என்ன சொன்னா தெரியுமா? 'அதுவும் ஒரு கிரேன்தாங்க. ஆனா இத்தனை வருஷமா நான் மேல இருந்தேன், இப்ப கீழ இருக்கேன். பாரத்துக்குக் கீழ நிக்காதேன்னு எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். எனக்கு உசுரே இல்லை'ன்னா. அப்படிச் சொன்னவ ஒரு நாள் விட்டு மறுநாள் கிளம்பிப் போனா. மறுபடி போனா. ஒரு தடவை தவறல. அப்புறம் எடுத்த ஸ்கேன்ல நிழல் பெரிசாத் தெரிஞ்சுது, பாத்தியா வளந்துடுச்சுன்னு நீங்க சொன்னீங்க. சுட்ட புண்ணு ஆறுது, பொறுங்கன்னாரு டாக்டர். அதுக்கும் பொறுத்தா. தழும்பாச் சுருங்கி நின்னுது. போன மாசம் எடுத்ததுலயும் அதே தழும்புதான். அவ அதுல சாகல மச்சான். அதை முடிச்சுட்டு, மறுபடி கிரேன் ஏறி, ரெண்டு வருஷம் ஓட்டிட்டுத்தான் இறங்கினா. பயந்தவதான். பயந்துக்கிட்டே எல்லாத்தையும் செஞ்சா."

மச்சான் சட்டைப் பையைத் தடவினார். பழக்கம்தான், சங்கடம் வந்தால் அவர் கை சிகரெட் பெட்டிக்குப் போகும். அது எந்தச் சபை என்று நினைவு வந்ததும் கையை எடுத்துக்கொண்டார். தையல்காரரின் பார்வை அந்தப் பையின் மேல் விழுந்தது. இன்னும் ஒரு கேள்வி அவர் நாக்கு நுனியில் இருந்தது. 'நீயும்தான் இத்தனை வருஷமாப் பிடிக்கறே, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருண்ணே' என்று தங்கை அவரிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அதைத்தான் கேட்க வேண்டும்: நீங்க அந்த ஸ்கேனுக்குப் போனீங்களா, மச்சான்? கேட்டிருந்தால் கூடமே மச்சானைத் திரும்பிப் பார்த்திருக்கும். வலித்திருக்கும், நன்றாகவே வலித்திருக்கும். தையல்காரர் அதை விழுங்கிவிட்டார். மச்சானும் அந்தப் பார்வையைப் பார்த்தார். அது விலகியதையும் பார்த்தார்.

வண்டி வந்தது. வீடு இரண்டாம் மாடி. படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. துறைமுகத்து ஆட்கள் நாங்கள் தூக்குகிறோம் என்றார்கள். மச்சான் முன்பக்கம் தோள் கொடுத்தார். சைகைக்காரர் யாரும் கேட்காமலே கீழ்ப்படிகளில் பின்னோக்கி இறங்கியபடி கையை உயர்த்தினார். ஒரு விரல் அசைந்தால் ஓர் அடி. கை மூடினால் நின்றார்கள். திருப்பத்தில் உள்ளங்கையை மெல்லச் சாய்த்தார், அவர்களும் சாய்த்தார்கள். சுவரில் எங்கேயும் இடிக்கவில்லை, ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் நின்றவர்கள், அடேயப்பா, இந்தப் படிக்கட்டில் இப்படி இறக்கி நாங்கள் பார்த்ததில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்களாம். பின்னால் வந்த தையல்காரர் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனாலும் நிமிர்ந்துதான் இறங்கினார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்கள். மகள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில், வாடகைக்கு எடுத்த நாற்காலிகளில் ஒன்றில் மச்சான் தனியாக உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உருவம் எப்படியோ சின்னதாகத் தெரிந்தது. தையல்காரர் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து ஒன்றை நீட்டினார். மச்சான் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"என்கிட்ட அவ பயம்னு சொல்லவே இல்லையே, மாப்பிள்ளை."

"நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல."

மச்சான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அந்தச் சைக்கிள் மறையும்வரை பார்த்தார். அப்புறம், அந்தக் கட்டடத்துக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அந்த ஸ்கேன் எடுக்கற ரூமுக்குள்ள... துணைக்கு ஒரு ஆளை விடுவாங்களா?"

மச்சானின் டீயில் ஆடை படிய ஆரம்பித்திருந்தது.

"உள்ள விடமாட்டாங்க, மச்சான். கதவு வரைக்கும் வரலாம். நான் வரேன்."

மச்சான் தலையாட்டினார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கினார். அடுத்ததையும் மடக்கினார். தையல்காரர் வரிசையின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு அவரை நோக்கி வந்தார்.